தாளில் இல்லாத பெயர்

அத்தியாயம் 14

“மூணு பேர் போறோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அஞ்சு பேருக்குச் சாப்பாடு எதுக்கு?”

நுஹாத்தின் கையில் ராமெஸ் எழுதிய பயணத் திட்டம் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, நீல மையில் எழுதிய தாள். தலைப்பில் ‘அவசரமில்லை’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு வேறு.

ராமெஸ் அவள் கணவர். முப்பத்திரண்டு வருடம் பெய்ரூட் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர். மூன்று எங்கேயாவது தவறிப்போய் ஐந்து ஆகுமா? ஆகாது. அது தெரிந்துதான் நுஹாத் கேட்டாள்.

ராமெஸ் காபியை ஒரு மிடறு குடித்தார். மகள் நிஸ்ரீனைப் பார்த்தார். நிஸ்ரீன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் ஒயர்கள்தான் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டிருந்தன.

“கேட்டா பதில் சொல்லணும்.”

“பெரிய மேஜையாச் சொல்லி வச்சா ஆத்தோரமா இடம் தருவாங்க. அதான்,” என்றார் ராமெஸ்.

“ஆறா? எந்த ஆறு?”

ராமெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பெக்கா சமவெளியில் ஆற்றோரம் மேஜை போட்டு விருந்து வைக்கும் ஊர் ஒன்றுதான். அது நுஹாத் பிறந்த ஊர், ஸஹ்லே.

பயணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து நுஹாத் போட்டிருந்த நிபந்தனையும் ஒன்றுதான். ஒயின் தோட்டம் எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏரிக்கரையில் தங்கலாம், அன்ஜரில் மீன் சாப்பிடலாம். ஸஹ்லே மட்டும் கூடாது.

தோஹாவில் நர்ஸாக இருக்கும் நிஸ்ரீன் மூன்று வாரம் லீவு போட்டு வந்ததும் கிளப்பிய யோசனை இது. ‘அம்மா, அப்பா, நான். காரை எடுத்துக்கிட்டு ஆற அமரப் போவோம். அறுவடை நேரம், பாக்கவே நல்லாருக்கும்.’ போன வெள்ளிக்கிழமையே கிளம்பியிருக்க வேண்டியது. நுஹாத்தான் ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். மக்தூஸ் ஊறுகாய்க்கு வாங்கிய பிஞ்சுக் கத்தரிக்காயை வேக வைத்து, வால்நட்டும் பூண்டும் அடைத்து, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம். அதை எண்ணெயில் போடாமல் வீட்டை விட்டு அசைய முடியாதாம்.

கத்தரிக்காய் காரணமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸஹ்லே போகாவிட்டாலும் ஸஹ்லே பக்கம் போக வேண்டுமே, அந்தப் பயம்தான். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. கத்தரிக்காய் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது.

“யார் அந்த ரெண்டு பேரு?” என்று நுஹாத் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நிஸ்ரீன் திரும்பினாள். “நக்லே மாமாவும் சௌசன் அத்தையும்.”

“ஓ.”

“அம்மா, கத்தாதே.”

“நான் எங்க கத்தினேன்? அப்பனும் மகளும் சேர்ந்து என்னை ஆட்டுக்குட்டி மாதிரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் அவன் முன்னாடி இறக்கிவிடறதா இருந்தீங்க. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு.”

“நான் ஓட்டற வேகத்துக்கு நடுவுல நீயே இறங்கி நடந்து திரும்பி வந்திருக்கலாம்,” என்றார் ராமெஸ். சிரிக்க வைக்கப் பார்த்தார். கழுதை வண்டிக்காரன்கூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போகும் வேகம் அவருடையது. அந்தக் கேலிக்கு நுஹாத் எப்போதும் சிரித்துவிடுவாள். இன்று சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் வருத்தம் என்ன என்பதை இந்தக் கதையைப் புதிதாகப் பிடித்தவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நுஹாத்தின் அப்பாவை ஸஹ்லேயில் யாரும் இப்ராஹிம் என்று கூப்பிட்டதில்லை. தலைச்சன் பிறந்த நாளிலிருந்து அவர் ‘அபு நக்லே’. நக்லேயின் அப்பா. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பையன் பிறந்ததும் அப்பன் தன் பெயரைக் கழற்றி வைத்துவிடுவான்.

அபு நக்லேவுக்கு ஊருக்கு மேலே சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம். அவர் கையால் வைத்த கொடிகள். கடைசி இரண்டு வருடம் அவர் நோயாளியாகப் பெய்ரூட்டில் மகள் வீட்டில் கிடந்தார். அந்த நேரம் பார்த்து நக்லே இயந்திரத்தைக் கொண்டுவந்து கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தான். ஒரே நாளில். சேதி நுஹாத்துக்கு வந்தது. அவள் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர்தான், பதினெட்டாம் நாள் போய்விட்டார்.

மரண அறிவிப்பை எழுதிக் கொடுத்தது நுஹாத். அங்கே ஒருவர் இறந்தால் தாள் அடித்து, தேவாலயக் கதவிலும் தெருக் கம்பங்களிலும் ஒட்டுவார்கள். யார் யார் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்று முறை வைத்து, பெயர் வைத்துப் போட்டிருக்கும். அந்தத் தாளில் ‘மகள் நுஹாத்’ என்று எழுதினாள். ‘மகன்’ என்ற வரியை எழுதவில்லை. ‘அபு நக்லே’ என்ற பெயரையும் எடுத்துவிட்டு வெறும் இப்ராஹிம் என்று போட்டாள்.

நூறு தாள். ஸஹ்லே முழுக்க. நக்லேயின் வாசலுக்கு நேர் எதிரே இருந்த கம்பத்திலும் ஒன்று.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்காகத் தேவாலயக் கூடத்தில் குடும்பத்தார் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நக்லே கறுப்புக் கோட்டுடன் வாசல்வரை வந்தான். அவனுக்கு நாற்காலி இல்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு வருடம் ஆகிறது. திருப்பிய முகம் திருப்பியபடியே இருக்கிறது.

செய்தது அதிகம்தான் என்று அவளுக்கே பல நாள் தோன்றியிருக்கிறது. தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வேலை செய்தாக வேண்டுமே.

சமையலறையில் ஆறு கண்ணாடி ஜாடிகளைத் துடைத்து வைத்துக்கொண்டு நுஹாத் மக்தூஸ் அடுக்கத் தொடங்கினாள். நிஸ்ரீன் வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு கத்தரிக்காயை எடுத்து அம்மா அடுக்குவது போலவே காம்பு உள்பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

“வால்நட் தாராளமாப் போட்டிருக்கியே. நமக்கு இவ்வளவு போட மாட்டியே நீ,” என்றாள்.

நுஹாத் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். நிறைய வால்நட் வைத்த மக்தூஸ் யாருக்குப் பிடிக்கும் என்று நிஸ்ரீனுக்கும் தெரியும். கை பழக்கத்தில் செய்கிறது. கையை யார் கேட்டது?

“மாமா குரலைக் கேக்கறியா? பதிவு பண்ணி அனுப்பியிருக்காரு. உனக்கு இல்ல, எனக்குத்தான். நீ சும்மா நின்னுக்கிட்டுக் கேளு.”

“உன் போன். நீ போடு, போடாதே. எனக்கு என்ன?”

நிஸ்ரீன் போட்டாள். அம்மாவின் கை ஜாடிக்குள்ளேயே நின்றது.

“நிஸ்ரீனு, என் கண்ணு, நீதாம்மா என்னைப் புதைக்கணும். எப்படி இருக்கே? ஞாயித்துக்கிழமை வர்றீங்களாமே, உங்கப்பா எழுதியிருந்தாரு. ராமெஸ் ஓட்டறதா இருந்தா இப்பவே கிளம்பச் சொல்லு, அப்பத்தான் ஞாயித்துக்கிழமை வந்து சேருவாரு... உங்கம்மாவை வற்புறுத்தாதே. அவ பிடிவாதக்காரி, சின்னதுலேருந்தே. வந்தா வரட்டும். வரலேன்னா அந்த நாற்காலி சும்மா இருக்கட்டும், யாரையும் உக்கார வைக்க வேண்டாம்.”

அவ்வளவுதான். ‘நீ என்னைப் புதைக்கணும்’ என்பது அங்கே பிரியத்தில் சொல்கிற வழக்கம். நடுநடுவே மூச்சு வாங்கியது.

“என்ன குரல் இது? காத்து மாதிரி வருது,” என்றாள் நுஹாத்.

“சளி பிடிச்சிருக்காம்,” என்றாள் நிஸ்ரீன், ஜாடியைப் பார்த்துக்கொண்டு.

“நெஞ்சுல கட்டிக்கிட்டா அவனுக்குச் சீக்கிரம் போகாது. சின்ன வயசுலயே அப்படி. சௌசனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்.”

“இன்னொரு தடவை போடவா?”

“போடு.”

மூன்றாம் முறை போடும்போது பாதியில் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை. பதினொரு மணி ஆகிவிட்டதால் தெருவுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரனும் நிறுத்திவிட்டான். இனி மூன்று மணிக்குத்தான் கரண்ட்.

நுஹாத் எண்ணெயை ஊற்றினாள். ஆறாவது ஜாடியை மட்டும் தனியே எடுத்துத் துணியில் சுற்றினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ராமெஸ் அதே நாற்காலியில், ஆறிப்போன அதே காபியோடு உட்கார்ந்திருந்தார்.

“பேனா குடு.”

“எதுக்கு?”

“குடேன்.”

மடித்து வைத்த தாளைப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், காலியாக விட்டிருந்த இடத்தில் ‘ஸஹ்லே’ என்று எழுதினாள். அண்ணன் பெயரை எழுதவில்லை. அதற்கு இன்னும் மனசு வரவில்லை. ஊர் பெயர் வந்ததே பெரிய விஷயம்.

“அவன் முன்னாடி அழ மாட்டேன். மொதல்லயே சொல்லிட்டேன்,” என்றாள்.

“யார் அழச் சொன்னா? வர்றதே போதும்,” என்றார் ராமெஸ். அவருக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

நான்கு வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு லேசாக ஒரு பகல் கழிந்ததில்லை. மத்தியானம் பருப்புச் சோறு சாப்பிட்டார்கள். நுஹாத் எந்தப் புடவை... இல்லை, நம்மூர் வழக்கம் வாயில் வந்துவிட்டது, எந்தக் கவுனை எடுத்து வைப்பது என்று மகளோடு அரை மணி நேரம் சண்டை போட்டாள். கறுப்பு வேண்டாம், பச்சைதான் என்று முடிவாயிற்று. அபு நக்லே போனதற்குப் பிறகு அவள் கறுப்பைத் தவிர வேறு நிறம் எடுத்தது அன்றுதான்.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ராமெஸின் போனில் சத்தம் கேட்டது. கூடவே இன்னொன்று. பிறகு வரிசையாக நாலைந்து.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன?” என்றாள் நுஹாத்.

“ஒண்ணுமில்ல. பள்ளிக்கூட வாத்தியாருங்க ஏதோ...”

“உன் மூஞ்சி ஒண்ணுமில்லாத மூஞ்சி இல்லியே. குடு இப்படி.”

அவர் கொடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

கறுப்புக் கட்டம் போட்ட தாளின் படம். மேலே சிலுவை. கீழே, தடித்த எழுத்தில், நக்லே இப்ராஹிம் ஸாபா.

சௌசன் பதினொரு மணியிலிருந்து நிஸ்ரீனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் நிஸ்ரீனின் போன் அணைந்துவிட்டிருந்தது. கரண்ட் வராமல் அப்படியே கிடந்தது. சொந்தக்காரியின் குரல் வந்து சேர்வதற்குள் அச்சடித்த தாள் வந்து சேர்ந்துவிட்டது.

நுஹாத் வரிவரியாகப் படித்தாள். அடக்கம் நாளை, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அனுதாபம் ஏற்கும் நாட்கள் வெள்ளி, சனி, ஞாயிறு. ராமெஸ் கட்டம் கட்டிய அதே மூன்று நாள்.

பிறகு பெயர்கள். ‘மனைவி சௌசன்.’ அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அடுத்த வரியே இதுதான். ‘சகோதரி நுஹாத், ராமெஸ் ஸலாமேயின் மனைவி, மற்றும் குடும்பத்தார்.’

அவள் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி அங்கே இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

“சளின்னு சொன்னியே,” என்றாள் மகளிடம்.

நிஸ்ரீன் தரையில், அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “நுரையீரல்ல கட்டி வந்திருந்தது. ஏப்ரல்லயே தெரியும். சௌசன் அத்தை ரிப்போர்ட்டெல்லாம் எனக்கு அனுப்பிக் கேப்பாங்க.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“மாமா சத்தியம் வாங்கிட்டாரு. நோயாளியைப் பாக்க வர்ற மாதிரி நீ வரக் கூடாதாம். ஊர் சுத்த வர்றவ வழியில எட்டிப் பாத்த மாதிரி வரணுமாம். அவசரமே தெரியக் கூடாதுன்னாரு. அதான்... அதான் நான் உன்னை அவசரப்படுத்தல.”

“போன வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தா?”

நிஸ்ரீன் அம்மாவின் கவுன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்ஸுதானே நீ. சொல்லு. போன ஞாயித்துக்கிழமை அவன் எப்படி இருந்தான்?”

“உக்காந்து சாப்பிட்டாரு. பேசினாரு,” என்றாள் நிஸ்ரீன். “நல்லாத்தான் இருந்தாரு அம்மா.”

நுஹாத் சமையலறை மேஜை மேல் இருந்த ஜாடிகளைப் பார்த்தாள். கத்தரிக்காய். நாலு கிலோ கத்தரிக்காய்க்காக அண்ணனைக் காக்க வைத்துவிட்டாள். இனி ஆயுசுக்கும் இதை யாரிடம் சொல்லி அழுவது? இப்போது அவளுக்கு அழுகையும் வரவில்லை.

ராமெஸின் போனிலிருந்து அவளே சௌசனைக் கூப்பிட்டாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

“அண்ணி, நான்தான்.”

அந்தப் பக்கம் சற்று நேரம் பெண்களின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சௌசன் பேசினாள். “வர்றியா?”

“கிளம்பிட்டேன். அண்ணி, அந்தத் தாளை எழுதினது யாரு? என் பேரை...”

“அவருதான். ஜூலையிலேயே. அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உன் பேர்ல எழுத்து சரியா இருக்கான்னு மூணு தடவை வாங்கிப் பாத்தாரு. உன் பேர் விட்டுடக் கூடாது, விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்னு சொன்னாரு.” சௌசன் மூக்கை உறிஞ்சினாள். “உனக்கு ஒரு தாள் வச்சுட்டுப் போயிருக்காரு நுஹாத். நான் பிரிக்கல. ஏதோ பழைய தாளாம், அதோட பின்பக்கம் அப்பா தோட்டத்தைப் பத்தி என்னமோ எழுதியிருக்கேன்னாரு. நேர்ல வா. போன்ல பேசற சமாச்சாரம் இல்ல.”

பச்சைக் கவுன் கட்டிலில் கிடந்தது. நுஹாத் அலமாரியைத் திறந்து கறுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். துணியில் சுற்றிய ஜாடியை எடுக்கலாமா வேண்டாமா என்று நின்று, எடுத்துக்கொண்டாள்.

ராமெஸ் அன்று ஓட்டியதுபோல் அதற்கு முன் ஓட்டியதில்லை. மலை ஏற்றத்தில் லாரிகளைத் தாண்டினார், வளைவில் ஹாரன் அடித்தார். பின் சீட்டில் நிஸ்ரீன் கதவைப் பிடித்துக்கொண்டாள். உச்சி தாண்டி, கீழே பெக்கா முழுவதும் வெயிலில் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தபோது நுஹாத் அவர் கை மேல் கை வைத்தாள்.

“மெதுவாப் போ ராமெஸ்.”

“நேரமாகுதுன்னு...”

“இனிமே என்ன அவசரம்?”

அவர் வேகத்தைக் குறைத்தார். வழியில் ஷ்தூராவில், கெட்டித் தயிர் தடவித் தரும் லப்னே ரொட்டிக் கடைகளில் விடுமுறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய டிராக்டர்கள் வந்துகொண்டிருந்தன.

ஸஹ்லே எல்லையில் முதல் கம்பத்தருகே நுஹாத் நிறுத்தச் சொன்னாள். ஒரு வயதான ஆள் பசை வாளியும் பிரஷ்ஷுமாக நின்று அப்போதுதான் தாளை ஒட்டி முடித்திருந்தான். பசை இன்னும் காயவில்லை, ஓரங்களில் வழிந்துகொண்டிருந்தது.

நுஹாத் இறங்கிப்போய் அதன் முன் நின்றாள்.

“நக்லேயைத் தெரியுமா உங்களுக்கு?” என்றான் அந்த ஆள். “நல்ல மனுஷன். பாவம். நாலு வருஷம் முன்னாடி அவங்கப்பா தாளையும் இதே கம்பத்துல நான்தான் ஒட்டினேன். யாரோ புண்ணியவதி அவன் பேரையே விட்டுட்டா. அவனே நடந்து நடந்து வந்து எல்லாத்தையும் உரிச்சான். நான் தடுக்கல. கடைசித் தாளை மட்டும் கிழிக்கல, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பதனமா ஈரத்தோட எடுத்து, மடிச்சு, சட்டைக்குள்ள வச்சுக்கிட்டான். எதுக்கோ, யாருக்கோ.”

சௌசன் சொன்ன தாள் எது என்று நுஹாத்துக்கு அப்போது தெரிந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க என்ன உறவும்மா?” என்றான் அவன்.

நுஹாத் விரலை நீட்டித் தாளில் தன் பெயர் மேல் வைத்தாள். எடுத்தபோது விரல் நுனியில் பசை ஒட்டியிருந்தது.

“அந்தப் பேரை விட்டவ நான்தான்,” என்றாள். “தங்கச்சி.”